குமிழில் திருநீறு

மிஷினை மட்டும் தொடாதீர்கள். வேறு எதையும் நான் கேட்கவில்லை. உங்கள் மச்சானின் பாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நெற்றியைத் தடவுங்கள், காதில் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். மிஷின் பக்கம் கை போகக்கூடாது. போன வருஷத்திலிருந்து இது சட்டம். டாக்டர் அம்மா போட்டதல்ல. நான் போட்டது.

நல்ல வேளை, இந்த பஸ்ஸில் ஏறினீர்கள். முன்னால் போன பிரைவேட்டில் ஏறியிருந்தால் நமக்குள் பேச்சே நடந்திருக்காது. நான் பிரைவேட்டில் ஏறுவதில்லை. மூன்று வருஷமாக ஏறுவதில்லை. இது உருட்டிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி ஆகும். ஆகட்டும். எனக்குப் பத்து மணிக்குத்தான் வேலை. அந்த பிளாஸ்கை இப்படிக் கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் ஸ்கேன் கவரைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேற்றே உங்களை வார்டில் பார்த்தேன். ஐந்தாம் கட்டில்தானே? டாக்டர் பிரமிளா உங்களுக்குப் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அதே படம்தான். தலையிலிருந்து ஒரு கோடு, கழுத்து வழியாக, நெஞ்சு வழியாக, வயிறு வரைக்கும். வேகஸ் நரம்பு. நீங்கள் தலையாட்டினீர்கள். புரிந்து ஆட்டினீர்களா, பயந்து ஆட்டினீர்களா தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக ஊசி குத்துகிற எனக்கே முதலில் புரியவில்லை.

என் பாஷையில் சொல்கிறேன். அடி என்பது ஒரு நொடி. எலும்பு உடைவதும் சதை கிழிவதும் அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆபத்து அதற்குப் பிறகுதான். அடித்தது போய்விட்டது என்று உடம்புக்குத் தெரிவதில்லை. அது சண்டையை நிறுத்துவதில்லை. அடிபட்ட இடத்தில் மூட்டிய நெருப்பை நுரையீரலுக்குக் கொண்டுபோகும், சிறுநீரகத்துக்குக் கொண்டுபோகும், கடைசியில் தன் வீட்டைத் தானே கொளுத்திக்கொள்ளும். அடியில் தப்பியவர்கள் இதில் போய்விடுவதுண்டு. அந்த வேகஸ் நரம்புதான் ‘போதும், நிறுத்து’ என்று சொல்கிற நரம்பாம். முழங்காலுக்குக் கீழே நாலு விரல், எலும்புக்கு வெளியே ஒரு விரல். அங்கே ஊசி குத்தி மெல்லிய கரண்ட் விட்டால் செய்தி அந்த நரம்புக்குப் போகும், அது நெருப்பை அடக்கும் என்கிறார்கள். எலிக்கு அடக்கியிருக்கிறது. மனிதருக்கு எவ்வளவு என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் அம்மா அதை மறைக்கமாட்டார். மருந்தும் ஆபரேஷனும் அவற்றின் பாட்டுக்கு நடக்கும். இது கூடுதலாக ஒரு கை.

அந்தக் கை நான்தான். மாதப்பன். மாரண்டஹள்ளி.

ஏன் மிஷினைத் தொடக்கூடாது என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? முகம் கேட்கிறது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான், முனிராஜ். தக்காளி ஏற்றுகிற டெம்போ ஓட்டினான். ஒரு நாள் காலை, நன்றாக விடிந்த பிறகு, ராயக்கோட்டை ரோட்டில் வந்துகொண்டிருக்கிறான். எதிரே ஒரு பிரைவேட் பஸ். அதற்கும் அதற்கு முன்னால் போன பஸ்ஸுக்கும் நாலு நிமிஷம் டைமிங் தகராறு. நாலு நிமிஷத்தைப் பிடிப்பதற்காக ஒரு லாரியைத் தாண்டி ஏறினான் டிரைவர். ஏறினவன் பேர் செங்கோடன். பஸ்ஸுக்கு பம்பர் நசுங்கியது. முனிராஜுக்கு இடுப்பிலும் தொடையிலும் எதுவும் எலும்பாக இல்லை.

எங்கள் வார்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் நினைவு இருந்தது. அந்த மூன்று நாளில் அவன் வலியைப் பற்றிப் பேசவே இல்லை. செங்கோடன் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டான், டெம்போ டிரைவர் தூங்கிவிட்டார் என்று. அது இவன் காதுக்கு வந்துவிட்டது.

“ண்ணா, நான் தூங்கலண்ணா.”

“தெரியும்டா.”

“உனக்குத் தெரிஞ்சு என்னா? பேப்பர்ல எழுதியிருக்கானே. மாத்தி எழுதச் சொல்லு.”

“சொல்றேன். நீ பேசாம படு.”

அவ்வளவுதான் அவன் என்னிடம் கேட்டது. பதினோரு நாள் என் கையால் ஊசி, என் கையால் கரண்ட். ஒரு நாள் தவறவில்லை. பன்னிரண்டாம் நாள் அவனுடைய நெருப்பே அவனை எடுத்துக்கொண்டது. பேப்பரில் அவன் தூங்கியபடியேதான் இருந்தான். சாட்சி இல்லை. லாரிக்காரன் நிற்காமல் போய்விட்டான். கேஸை மூடினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, செங்கோடன் வந்தான். நடந்து வரவில்லை. பஸ்ஸுக்கு அடியில் படுத்து எதையோ பார்த்திருக்கிறான், ஜாக்கி நழுவிவிட்டது. வலது தொடை, இடுப்பு. மூன்றாம் கட்டிலில் போட்டார்கள். முனிராஜ் கிடந்த கட்டில் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். இல்லை, அது நாலாம் கட்டில். இது பக்கத்துக் கட்டில்.

அட்டையில் பேரைப் படித்தேன். முகத்தைப் பார்த்தேன். வாயில் குழாய் இருந்தது, ஆனாலும் அவன்தான். டாக்டர் அம்மா என்னிடம், “மாதப்பன், இவருக்கு இடது காலில் வையுங்க, நாளையிலிருந்து” என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. இறந்தவனுக்கு அண்ணன் என்று தெரியும், அடித்தவன் பேர் யாருக்கு நினைவிருக்கும்?

சரி மேடம் என்றேன்.

இங்கே கவனமாகக் கேளுங்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. காலைத் துடைத்தேன், நாலு விரல் வைத்து அளந்தேன், ஊசியைக் குத்தினேன். தப்பாகக் குத்தியிருக்கலாமே என்று நினைக்கிறீர்களா? பதினெட்டு வருஷத்தில் ஒரு ஊசி நான் தப்பாகக் குத்தியதில்லை. அவனுக்கும் குத்தவில்லை. என் கை அதற்கு வராது. கிளிப்பை மாட்டினேன். இருபத்தைந்து நிமிஷம் டைம் வைத்தேன். மிஷினைப் போட்டேன். பச்சை விளக்கு சிமிட்டியது. குமிழைத் திருகவில்லை. அவ்வளவுதான். குமிழ் சைபரில் நின்றது. விளக்கு எரியும், டைம் ஓடும், முடிந்தால் மணி அடிக்கும், கரண்ட் மட்டும் போகாது. அட்டையில் வழக்கமான அளவை எழுதினேன். திரையைத் தள்ளிக்கொண்டு நாலாம் கட்டிலுக்குப் போய்விட்டேன்.

செய்யாமல் இருப்பது ஒரு குற்றமா, சொல்லுங்கள். அவன் என் தம்பிக்குச் செய்தான். நான் அவனுக்குச் செய்யவில்லை.

அவனுடைய மனைவி பாவாயி. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறியில் வேலை. ஊசி நேரத்தில் கூட ஒருவரை வைத்துக்கொள்வோம், உங்களுக்கும் அதுதான் இன்றைக்கு வேலை. அரை மயக்கத்தில் இருப்பவர்கள் காலை உதறிவிடுவார்கள், பாதத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அவள் வந்து பிடித்துக்கொண்டாள். முதலில் பொட்டலத்திலிருந்து திருநீறு எடுத்து அவன் நெற்றியில் இழுப்பாள், பிறகு பாதத்தைப் பிடிப்பாள். முதல் நாளே கேட்டாள்.

“உங்களுக்கு எந்த ஊருங்க?”

“மாரண்டஹள்ளி.”

என் முகத்தைப் பார்த்தாள். பார்வை மங்கினவர்கள் ஊசிக்காதைத் தேடுவார்களே, அப்படிப் பார்த்தாள். வெளியூர் பொம்பளை, ஊர் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கேட்டாள், “ஏனுங்க, நாலாம் கட்டில்காரருக்குக் காலு வெடுக்கு வெடுக்குனு துடிக்குதுங்க. இவருக்குத் துடிக்கலீங்களே?”

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், கரண்ட் போனால் ஊசி இருக்கிற சதை துடிக்கும். பாதத்தைப் பிடித்திருப்பவர் கையில் தெரியும். அவளிடம், “ஆளுக்கு ஆள் நரம்பு மாறும்மா” என்றேன்.

“அப்படீங்களா.”

“லைட் எரியுது பாத்தீங்கல்ல?”

“எரியுதுங்க. எங்க தறியிலயும் லைட்டு எரியுமுங்க. குறுக்கு நூலை இழுக்கற நாடா ஓடலீன்னா துணி வராதுங்க.”

“இது தறி இல்லம்மா.”

“இல்லீங்க, சும்மா சொன்னேன்.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. ஒழுங்கான அட்டெண்டர் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மணி அடித்து நான் திரைக்கு இந்தப் பக்கம் வருகிறேன், மிஷினில் குமிழ் மேல் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் தடம். திருநீறு. குமிழ் கறுப்பு, பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் ஸ்கேன் மிஷினுக்கே சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள், இவள் தினமும் வைக்கிறாள் என்று. சாமி, மிஷின், மாதப்பன், மூன்று பேரையும் கும்பிடுகிறாள் பாவம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். மறுநாளும் இருந்தது. மறுநாளும் துடைத்தேன். குமிழ் சைபரில்தான் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டேன்.

தினமும் காலையில் வந்ததும் என் முதல் வேலை அவனுடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பது. சி.ஆர்.பி. என்று ஒரு எண் வரும். உள்ளே எவ்வளவு எரிகிறது என்பதற்கு அது ஒரு அடையாளம். முனிராஜுக்கு அது இறங்கவே இல்லை. இவனுக்கு இருநூற்று நாற்பதில் ஆரம்பித்தது. ஏறும் என்று காத்திருந்தேன். பொய் சொல்வானேன், ஆசையாகக் காத்திருந்தேன். வீட்டில் சாப்பாடு ருசித்தது. என் மனைவி கேட்டாள், “என்னா, மொகம் தெளிவா இருக்குது?” வேலை நன்றாகப் போகிறது என்றேன்.

நாலாம் நாள் இருநூற்றுப் பத்து. ஆறாம் நாள் நூற்று அறுபது. எட்டாம் நாள் குழாயை எடுத்தார்கள், தானாக மூச்சு விட்டான். ஒன்பதாம் நாள் தொண்ணூறு.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். கரண்ட் இல்லாமல் இவன் தேறுகிறான் என்றால் என் கரண்ட் எதற்கு? பதினெட்டு வருஷம் நான் செய்தது என்ன? முனிராஜுக்குப் பதினோரு நாள் வைத்தது என்ன? இல்லை, என் கரண்டில் ஏதோ இருக்கிறது என்றால் இவன் எப்படி எழுந்து உட்காருகிறான்? ஒன்று என் தொழில் பொய், இல்லையென்றால் என் பழி பொய். இரண்டும் என்னுடையது. எதை விடுவது?

டாக்டர் அம்மாவிடம் போய் நின்றேன். “மேடம், கரண்ட் இல்லாமயே சில பேர் தேறுவாங்களா?”

“தேறுவாங்க. வெச்சும் போறவங்க உண்டு. ஒரு ஆளை வெச்சு எதுவும் சொல்ல முடியாது, மாதப்பன். அதனாலதானே இத்தனை பேருக்குப் பாக்கறோம். ஏன், என்ன விஷயம்?”

“சும்மாதான் மேடம்.”

பன்னிரண்டாம் நாள் அவனைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். முனிராஜ் போனதும் பன்னிரண்டாம் நாள்தான். வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பாவாயி வந்தாள். கையில் ஒரு துண்டு, மடிப்புக் கலையாமல்.

“என் தறியில ஓடினதுங்க. வாங்கிக்கோணும்.”

“இதெல்லாம் வாங்கக்கூடாதும்மா.”

“வாங்கிக்குங்க. அப்பறம் ஒரு மன்னிப்பு கேக்கோணுங்க.”

“எதுக்கு?”

“நீங்க தெனமும் அந்தப் பக்கம் போனதுக்கப்பறம் அந்த உருண்டையை நான் திருகினேனுங்க. காலு துடிக்கற வரைக்கும். நாலாம் கட்டில்காரருக்குத் துடிக்கற அளவுதானுங்க, அதுக்கு மேல போவல. நீங்க வர்றதுக்குள்ள பழையபடி வெச்சிருவேன்.”

“திருப்பி ஏன் வெச்ச?” என்றேன்.

“நீங்க பாத்தா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமில்லீங்க.”

“டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உங்களை மாத்திருவாங்க. ஊசி எடம் உங்களாட்டம் யாருக்கும் அத்துப்படி இல்லைன்னு நர்சம்மா சொன்னாங்க. ஊசியில நீங்க வஞ்சகம் பண்ணலீங்களே. உருண்டையிலதானே.”

“நான் யாருன்னு தெரியுமா உனக்கு?”

“ஊரைச் சொன்னப்பவே தெரிஞ்சுதுங்க. அதே மூக்கு. உங்க தம்பி போனப்போ உங்க ஊரு வரைக்கும் வந்தேனுங்க. பஸ் ஸ்டாண்டுல அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. அதைப் பாத்துட்டு அப்படியே அடுத்த பஸ் ஏறிட்டேன். வூட்டுக்கு வரத் தெகிரியம் வரலீங்க.”

பார்த்தீர்களா? என் மிஷின். என் அனுமதி இல்லாமல், பத்து நாள், என் மிஷினில் கை வைத்திருக்கிறாள். அதிகமாகத் திருகியிருந்தால் என்ன ஆகும்? யார் பதில் சொல்வது? நான்தானே? அன்றைக்குப் போட்டேன் இந்தச் சட்டம். ஊசி நேரத்தில் கூட இருப்பவர் பாதத்தைப் பிடிக்கலாம், மிஷினைத் தொடக்கூடாது. நியாயம்தானே?

இந்தத் துண்டா? ஆமாம், அதுதான். வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நல்ல நூல். ஒரு வருஷமாகத் துவைக்கிறேன், சாயம் போகவில்லை. துண்டு என்ன பாவம் செய்தது.

போவதற்கு முன்னால் இன்னொன்று சொன்னாள். “அவருக்கு உங்ககிட்டப் பேசோணுமாங்க. கண்ணு முழிச்சதுலருந்து அதேதான் சொல்றாரு. அன்னிக்கு எழுதிக் குடுத்தது பொய்யாம். உங்க தம்பி தூங்கலையாம். லைட்டு போட்டு, ஹாரன் அடிச்சு, ஓரத்துலதான் வந்தாராம். மாத்தி எழுதிக் குடுக்கறேங்கறாரு. மூடின கேசு, செத்தவரு வூட்டாளு ஒருத்தரு மனு குடுத்தாத்தான் எடுப்பாங்களாம். நீங்க ஒரு நாளு கூட வந்தாப் போதுங்க.”

நான் போகவில்லை.

ஏன் போக வேண்டும்? அவன் வந்து சொல்லித்தான் முனிராஜ் தூங்கவில்லை என்று ஆக வேண்டுமா? எனக்குத் தெரியாதா? மனு எழுதி, அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அவன் கைத்தாங்கலுக்கு நான் தோள் கொடுத்து, போலீஸ்காரர் முன்னால் அவன் அழ வேண்டும், நான் பார்க்க வேண்டும். பிறகு அவன் பாரம் இறங்கி வீட்டுக்குப் போவான். என்னிடம் என்ன மிச்சம் இருக்கும்? பழியை அவள் கட்டைவிரலால் வாங்கிக்கொண்டாள். கோபம் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் அவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டுமா?

தம்பி கேட்டானே என்கிறீர்கள். கேட்டான். மாத்தி எழுதச் சொல்லு என்று கேட்டான். அப்போது கேட்டான். இப்போது அவன் இல்லை. இல்லாதவனுக்குப் பேப்பரில் என்ன எழுதியிருந்தால் என்ன?

இருங்கள், போன் அடிக்கிறது. இதோ பாருங்கள், இந்த நம்பர்தான். பேர் போட்டு வைக்கவில்லை, ஆனால் தெரியும். வாரத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை, தறிக்கு லீவு நாள். பதினாலு மாசமாக அடிக்கிறாள். அடிக்கட்டும். நின்றுவிடும், பாருங்கள். நின்றுவிட்டது.

எடுப்பதில்லை. நம்பரை பிளாக் பண்ணத் தெரியும். பண்ணவில்லை. அடிக்கிறது எனக்குக் கேட்க வேண்டும்.

டாக்டர் அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். மிஷின் ஓடியது, விளக்கு எரிந்தது, அட்டையில் அளவு எழுதியிருக்கிறது. அந்த அளவு கரண்ட் போகவும் போயிருக்கிறது. என்ன பொய் இருக்கிறது? ஆள் பிழைத்துவிட்டான். ஊன்றுகோலோடு நடக்கிறானாம். எங்கள் வார்டில் அவனைச் சொல்லித்தான் இப்போது புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறார்கள். மாதப்பன் கை ராசி என்கிறார்கள். நேற்று நர்ஸ் உங்களிடம் சொல்லியிருப்பாரே? சொன்னாரா. அந்த ஆள் இவன்தான்.

மற்றவர்களுக்கெல்லாம் சரியாகத்தான் வைக்கிறேன். ஏறக்குறைய எல்லோருக்கும்.

அதோ தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. அடுத்தது நம் ஸ்டாப். பிளாஸ்கைப் பிடியுங்கள், மூடி லூசாக இருக்கிறது.

கேட்க மறந்துவிட்டேன். உங்கள் மச்சான்தானே காரை ஓட்டியது? எதிரே பைக்கில் யாரோ வந்ததாக நர்ஸ் சொன்னார். அவர் என்ன ஆனார்?

அங்கேயே போய்விட்டாரா. ம்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? நீங்களேதான் எழுதினீர்களா? என்னவென்று? பைக் ராங் சைடில் வந்தது என்று. உங்கள் மச்சான் மயக்கத்தில் இருக்கிறார், நீங்கள் அங்கே இல்லை, யார் பார்த்தது? சரி, சரி. சும்மா கேட்டேன். எல்லோரிடமும் கேட்பதுதான். பயப்படாதீர்கள், என் கை ஊசியைத் தப்பாகக் குத்தாது. அதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

பார்த்து இறங்குங்கள், படி உயரம்.

கோவிலுக்குப் போய்விட்டு வருகிறீர்களா? நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கிறது. நல்லதுதான். வார்டுக்குள் வருவதற்கு முன்னால் கேட் பக்கத்துக் குழாயில் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை நன்றாகத் தேய்த்து.